கிட்டில் இல்லாத இறக்கை

பிளாஸ்டிக் விமான மாதிரிகளின் கிட்டை வாங்கி, துண்டுகளை எண் பார்த்து ஒட்டினால் விமானம் வந்துவிடும். பொழுது நன்றாகப் போகும். படிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. நமக்கு வேண்டிய விமானம் பெட்டியில் இல்லாதபோதுதான் படிப்பு தொடங்குகிறது. 1965, 1971 போர்களில் இந்திய விமானப் படைக்குப் பெயர் வாங்கித் தந்த நாட், ஒற்றை இருக்கைப் போர் விமானம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் நாட் கிட்டோ பிரிட்டனின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானமான டி.1. போர் விமானத்தின் இறக்கை வீச்சு 6.73 மீட்டர், டி.1-இன் வீச்சு 7.32 மீட்டர். 72-இல் ஒரு பங்கு அளவில் பார்த்தால் பக்கத்துக்கு 4 மி.மீ. வித்தியாசம். அந்த அளவுக்கு இறக்கை நுனியை நறுக்கிவிட்டால் போதாது. டி.1-இல் விமானத்தைச் சாய்க்கும் ஏலரான்கள் இறக்கையின் வெளிப்பக்கம் இருக்கின்றன; போர் விமானத்தில் உடலை ஒட்டி இருக்கின்றன. அதனால் இறக்கையையே புதிதாகச் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கி ஒட்டி, முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பின்விளிம்பில் அரை மி.மீ. கனம் மிஞ்சினாலும் நிஜ விமானத்தில் அது 36 மி.மீ. கனமாகிவிடும்.

இப்படித் தேய்க்கும் மாணவருக்கு, இறக்கை ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்ற கேள்வி வராமல் இருக்காது. பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிறுவனத்தின் பொறியாளர்களும் நாட் இறக்கையை வைத்துக்கொண்டு அப்படியொரு கேள்வியைத்தான் கேட்டார்கள். அடியில் தொங்கிய எரிபொருள் கலங்களுக்குப் பதிலாக இறக்கைக்குள்ளேயே எரிபொருளை வைத்து, ஆயுதங்களுக்கு இடம் விட்டார்கள். 1975 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த அஜீத் போர் விமானம் அந்த மாற்றத்தில் பிறந்தது.

கிட் விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் இறக்கை செய்யக் கிட் அவசியமில்லை, மரமே போதும். அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளில் சுழலும் மரத்தில் அரக்கை அழுத்தி, அந்த உரசல் சூட்டிலேயே வண்ணம் ஏற்றிச் சொப்புச் சாமான் செய்கிறார்கள். மரத்தின் போக்கு தெரிந்த ஆசிரியர்கள் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கக் கையால் ஏன் தேய்க்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்த இயந்திரத்துக்கும் அளவையும் வளைவையும் சொல்ல ஆள் வேண்டும். விரலால் வளைவைத் தடவிப் பார்த்தவர் வரையும் படத்தில் பிழை குறையும். கத்தி ஆபத்து என்ற அச்சம் நியாயமானது. அதற்கு வழி, மேல்வகுப்பு மாணவர்களுக்குப் பெரியவர்களின் மேற்பார்வையில் கற்பிப்பது. போர் விமானம் வேண்டாம் என்பவர்கள் பயணிகள் விமானத்தின் இறக்கையைச் செய்யட்டும், பாடம் மாறாது.

அதே நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. அந்த மலையைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு மனப்பாடத்தோடு பட்டறை மேசையும் வேண்டும். நெல்லை மாவட்ட அறிவியல் மையம் கோடை விடுமுறையில் அம்பாசமுத்திரக் கைவினைஞர்களை அழைத்து அந்த மேசையைப் போடலாம். ஒரு மாணவருக்கு ஒரு ஜோடி இறக்கை போதும். இடதும் வலதும் ஒன்றுபோல் அமையும்வரை அவர் எத்தனை முறை அளந்து பார்க்கிறாரோ, அதுவே அவர் பெறும் கல்வி.