கடைசியில் வருபவர் முன்னால் நடக்கட்டும்

"இறக்கம்தானே, இதுல என்ன கஷ்டம்? எல்லாரும் வரலாம்" என்று சொன்னது நான்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு நாள் வீட்டில் எனக்குச் சரியாகக் காப்பி கிடைக்கவில்லை.

மகள் சூரிச்சில் இருக்கிறாள். போன ஜூலையில் சம்பந்தியும் எங்களோடு வந்திருந்தார். எல்லோருமாக ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் மலைப்பகுதிக்குப் போனோம். ஆறு பேர். எனக்கு 71. மனைவிக்கு 67, இரண்டு முட்டியிலும் தேய்மானம். சம்பந்திக்கு இதயத்தில் ஸ்டென்ட். மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேத்தி. இப்படிப்பட்ட கூட்டம் மலையில் எப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். முதலில் எப்படி நடக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் க்ளைன ஷைடெக் என்ற இடத்துக்குப் பல்சக்கர ரயிலில் ஏறினோம். எதிரே ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் சுவர் மாதிரி நிற்கின்றன. யுங்ஃப்ராவின் உயரம் 4,158 மீட்டர். நாங்கள் நின்ற இடமோ 2,061 மீட்டர்தான், நம் ஊட்டியைவிடத் தாழ்வு. அதனால் மூச்சுக்குப் பயமில்லை என்று தைரியம் வந்துவிட்டது. அங்கிருந்து வெங்கன் கிராமத்துக்கு நடந்தே இறங்கலாம் என்றேன். வெங்கன் சுமார் 1,270 மீட்டரில் இருக்கிறது. கிட்டத்தட்ட 800 மீட்டர் இறக்கம். அந்தக் கணக்கை நான் போடவில்லை.

படி ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும். நம் வயதில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை பிரேக் போட்டுத் தாங்க வேண்டும், அந்த அழுத்தம் முழுவதும் முட்டியில் விழும். மாடிப்படிக்குத் தெரிந்தது மலைக்கு மறந்துபோயிற்று.

இளையவர்கள் முன்னால் போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டீங்களா, போலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு, முட்டிவலிக்காரிக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். பாதி வழியில் வெங்கர்னால்ப் ஸ்டேஷன் வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தவள், "நீங்கல்லாம் போங்க, நான் எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்றாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அடுத்த ரயிலில் அவளோடு நானும் ஏறிவிட்டேன்.

மறுநாள் திட்டத்தை மகள் போட்டாள். லவுட்டர்ப்ரூனனிலிருந்து கேபிள் காரில் க்ரூட்ஷால்ப். அங்கிருந்து ம்யூரன் கிராமம் வரை சுமார் நாலரை கிலோமீட்டர். மொத்த ஏற்றமே 150 மீட்டர் அளவுதான். பாதையை ஒட்டியே 1891 முதல் ஓடும் சின்ன ரயில் போகிறது. நடுவில் வின்டரெக் என்ற ஸ்டேஷன், பக்கத்திலேயே உணவகம், கழிப்பறை. முடியவில்லை என்றால் ஏறிக்கொள்ளலாம். அந்தத் தைரியமே பாதித் தூரத்தை நடக்க வைத்துவிடும்.

மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. "இவ்வளவு தூரம் வந்துட்டு சமதரையில நடக்கறதா மாமா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். கால் பலம் உள்ளவர் நாள் முழுக்க அடக்கி நடந்தால் அதுவும் ஒரு தண்டனைதான். அதே க்ரூட்ஷால்ப்பிலிருந்து காட்டுக்குள் செங்குத்தாக ஏறி, மேலே சுற்றிக்கொண்டு ம்யூரனுக்கே வரும் இன்னொரு பாதை இருக்கிறது. அவர் அதில் போனார், நாங்கள் கீழ்ப்பாதையில். மதியம் ம்யூரனில் சந்திப்பதாக ஏற்பாடு.

எங்கள் வரிசையை மகள் மாற்றினாள். அம்மா முன்னால், சம்பந்தி இரண்டாவது, நான் கடைசி. அம்மா நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். பேத்திக்குப் பூ எண்ணும் வேலை. மஞ்சள் பலகையில் போட்டிருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆயிற்று. அந்த ஊர்ப் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கின்றன. அதுவும் ஓய்வில்லாமல் நடக்கும் சாதாரண ஆளுக்கான கணக்கு. நம் போன்றவர்கள் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது. வெறும் மஞ்சள் குறி என்றால் பொதுவாக எளிய பாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் கால் உறுதி வேண்டும், வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் நமக்கு இல்லை.

வின்டரெக்கில் ரயில் வந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "போகட்டும்" என்றாள். ம்யூரன் வரை நடந்தாள். மாப்பிள்ளை எங்களுக்குக் கால் மணி முன்னால்தான் வந்திருந்தார், சட்டை நனைய, முகமெல்லாம் சிரிப்பாக.

இதிலிருந்து என் கட்சி இதுதான். சேர்ந்து நடப்பது என்றால் மெதுவாக நடப்பவரின் வேகத்தில் நடப்பது. அதற்கு மனமில்லை என்றால், வெளிப்படையாகப் பிரிந்து போய் ஓரிடத்தில் சேருங்கள், அதில் தப்பே இல்லை. சேர்ந்து போவதாகச் சொல்லிவிட்டு ஐம்பது அடி முன்னால் போவதுதான் தப்பு. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு தொடங்க வேண்டும். நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. முட்டி, மூச்சு, சர்க்கரை எதுவானாலும் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சம்பந்தி மாத்திரை நேரத்தைக்கூட முதல் நாளே மகளிடம் சொல்லி வைத்தார். என் மனைவி சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

நடைபாதைகளைப் பேணுவதை அந்த நாட்டு மக்கள் 1979-ல் வாக்களித்து அரசியல் சாசனத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவுக்கு நாம் போக வேண்டாம். பழனியில் படிக்கட்டு இருக்கிறது, யானைப்பாதை இருக்கிறது, விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. யார் எப்படி ஏறினாலும் ஒரே சந்நிதிதான். சாமிக்குச் செய்ததை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஒரு நல்ல நடைக்குச் செய்யலாம். கைப்பிடி, நூறடிக்கொரு பெஞ்சு, நேரம் எழுதிய பலகை, சுத்தமான கழிப்பறை, நடுவில் வண்டி ஏற ஓர் இடம். இப்போது நம் வயதுக்காரர்கள் அங்கே பெரும்பாலும் வேனுக்குள் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருக்கிறோம்.

டிசம்பரில் குடும்பமாகக் கொடைக்கானல் போகிறோம். கோக்கர்ஸ் வாக்கில் யார் முன்னால் நடப்பது என்று இப்போதே முடிவாகிவிட்டது.