பழைய மலைவீடுகளின் தேவதாரு மரம்

இமாசலப் பிரதேசத்தின் குலு, கின்னோர், சிம்லா மாவட்டங்களில் 'காட்குனி' என வழங்கும் பழைய வீடுகள் அருகி வருகின்றன. காட் என்பது மரம். குனி என்பது மூலை. கல் வரிசை ஒன்று, தேவதாரு உத்தர வரிசை ஒன்று என மாறி மாறி அடுக்கி, சாந்து எதுவுமின்றி எழுப்பிய சுவர்கள் இவ்வீடுகளுடையவை. சுவரின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் இணையாக ஓடும் உத்தரங்களைக் குறுக்குக் கட்டைகள் பிணைத்து நிற்கும். 1905 ஏப்ரல் 4ஆம் நாள் நேர்ந்த காங்கிரா பூகம்பத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். இம்முறையில் கட்டப்பெற்ற நக்கர் கோட்டையோ அதைத் தாங்கி நின்றது.

இவ்வீடுகள் இருந்த இடங்களில் இன்று சிமெண்ட் கான்கிரீட் கட்டடங்கள் எழுகின்றன. பிரித்த வீட்டின் மரம் என்னவாகிறது? செதுக்கு வேலை மிகுந்த கதவுக்கும் தூணுக்கும் நல்ல விலை கிடைக்கிறது. வீட்டையே தாங்கி நின்ற உத்தரத்திற்கு அந்த மதிப்பு இல்லை. கன அடிக் கணக்கில் அது விலைபோகிறது, பலகையாக அறுபடுகிறது, மிஞ்சியது அடுப்புக்குச் செல்கிறது. விஞ்ஞான நோக்கில் இது பெரும் விரயமாகும்.

மரம் பழையதானால் வலுவிழந்துவிடும் என்று கருதுவோர் பலர். உலர்ந்த இடத்தில், பூச்சியும் காளானும் அணுகாதிருந்த மரம் வயதினால் மட்டும் நலிவதில்லை. ஜப்பானில் பழங்கோயில்களின் ஹினோக்கி மரத்தை ஜிரோ கொஹாரா என்னும் ஆராய்ச்சியாளர் சோதித்தார். வெட்டிய பின் முதற் சில நூற்றாண்டுகளில் வலிமை சற்றே ஏறுவதையும், அதன் பின்னர் மெல்லக் குறைவதையும் அவர் கண்டார். திடீர் அடியைத் தாங்கும் இயல்பு மட்டும் முன்னதாகவே குறைந்துவிடுகிறது. தேவதாரு வேறு மரமே. எனினும் இதுவும் ஊசியிலை மரம். இதன் வைரத்தில் ஊறியுள்ள எண்ணெய் கறையானையும் காளானையும் விலக்குகிறது. வெளிறு அத்தகையதன்று. ஆகவே, வெளிறில் வண்டு துளைத்த தடத்தைக் கண்டவுடன் உத்தரம் முழுவதையும் கழித்துவிடுவது தவறு. வெளிறைச் செதுக்கி நீக்கினால் உள்ளே வைரம் பழுதின்றி இருக்கக்கூடும்.

இனி, அறுப்பதால் நேரும் நஷ்டத்தைக் காண்போம். உத்தரத்தின் வளைவு வலிமை அதன் அகலத்தைப் பொறுத்தும், ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் அமைகிறது. விறைப்போ ஆழத்தின் கனத்தைப் பொறுத்தது. 12 அங்குல ஆழமுள்ள உத்தரத்தைக் கிடையாக அறுத்து, 6 அங்குல ஆழமுள்ள இரண்டாக்குவதாகக் கொள்வோம். இரண்டையும் அருகருகே வைத்தாலும் முன்னிருந்த வலிமையில் பாதியும் விறைப்பில் கால் பங்குமே கிட்டும். கன அடி அளவு குறையவில்லை. ரம்பத் தூளைத் தவிர வியாபாரியின் கணக்கில் நஷ்டம் இல்லை. கட்டடத்தின் கணக்கில்தான் நஷ்டம்.

இதனால், பழைய மரத்தைப் பருமனால் அன்றித் தரத்தால் விலைபேசும் முறை ஏற்பட வேண்டும். கட்டட மரத்திற்கான இந்திய நியமம் 883, கணு, நாரின் சாய்வு முதலிய குறைகளைக் கொண்டு தரம் பிரிக்கிறது. பழைய உத்தரத்திலோ இவற்றுடன் கழுந்துத் துளைகளும் வெட்டுவாய்களும் ஆணித் தடங்களும் சேர்கின்றன. ஆழத்தின் நடுவே உள்ள சிறு துளை வளைவு வலிமையை அதிகம் பாதிப்பதில்லை. அடிவிளிம்பில், நீளத்தின் மையத்தில் உள்ள வெட்டோ மிகவும் ஆபத்தானது. அவ்விடத்தை நீக்கி, நீளத்தைக் குறைத்துப் பயன்படுத்துவதே தகும். சுவரில் புதைந்திருந்த முனைகள், தரையை ஒட்டிய முதல் வரிசை, கூரை ஒழுகிய இடம் ஆகிய மூன்றும் முதலில் சோதிக்க வேண்டியவை. தேராதூன் வன ஆராய்ச்சி நிலையமும் ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையமும் கூடி, ஊர்த் தச்சர் கையாளத்தக்க எளிய தர அட்டவணை ஒன்றை வகுத்தளிப்பது பொருத்தமாகும்.

கடப்பாரையால் இடித்துத் தள்ளுவதைவிட, எண்ணிட்டு வரிசை வரிசையாகப் பிரிப்பதற்குக் கூலியும் நாளும் கூடுதல் என்பது மெய்யே. ஆனால் சாந்தில்லாத சுவர் பிரிப்பதற்கு இசைவானது. மேலும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் மலைக்காடுகளில் பச்சை மரம் வெட்டுவது கடுமையான கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. ஆகவே, ஏற்கெனவே வெட்டி உலர்ந்த நீண்ட உத்தரம் அதே ஊரின் வீட்டுக்கோ கோயிலுக்கோ உத்தரமாகவே திரும்ப வேண்டும். நகர விடுதியின் சுவரலங்காரம் அதற்குப் பின்னரே. கூரையைச் செப்பனிட்டால் நிலைக்கக்கூடிய வீட்டை மர விலைக்காகப் பிரிப்பது எவ்வகையிலும் நியாயமன்று.

மற்றொன்று, விலையில்லாதது. இமயத் தேவதாருவின் ஆண்டு வளையங்களைக் கொண்டு லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி நிலையத்தார் கடந்தகாலத் தட்பவெப்பத்தை ஆராய்ந்துள்ளனர். வீட்டு உத்தரங்களிலும் அவ்வளையங்களே உள்ளன. அறுப்பு ஆலைக்குச் செல்லுமுன் உத்தரத்தின் முனையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, ஊரின் பெயரையும் உத்தரம் இருந்த வரிசையையும் எழுதிச் சேமிக்க வேண்டும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் செதுக்கப்படாமல் எஞ்சியிருந்தால், மரம் வெட்டப்பட்ட ஆண்டையே அதிலிருந்து கணித்துவிடலாம்.