நீ எந்த செட்டு மச்சி?

காலேஜில் காலடி வெச்ச முதல் வாரமே ஒரு கேள்வி வரும்... "நீ எந்த செட்டு மச்சி?" 'எந்த செட்டும் இல்லை'ன்னு சொல்லிப் பாருங்க. ஒரு மாதிரி பார்ப்பாங்க!

இதே கேள்வியை விண்வெளியில் வெச்சுக் கேட்கிற கேம் ஒண்ணு இருக்கு. பேரு 'ஈவ் ஆன்லைன்'. ஐஸ்லாந்தின் சி.சி.பி. கேம்ஸ் கம்பெனி 2003 மே மாதம் இறக்கினது. இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு.

இதில் நீங்க ஒரு விண்கல பைலட். அமார், கால்டாரி, கேலண்ட்டே, மின்மட்டார்னு நாலு அரசுகள். மின்மட்டார்களை அடிமையா வெச்சிருந்தவங்க அமார். அந்தப் பகை ஆறவே இல்லை. இது கதை. இதுக்கு மேலே, ஆடுறவங்களே கம்பெனி ஆரம்பிச்சு, கூட்டணி சேர்த்து, ஏரியா பிடிச்சு அடிச்சுக்குவாங்க. 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி, தன் ஏரியாவுக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாம விட்டுடுச்சு. அதில் பத்திக்கிட்ட சண்டை சுமார் 21 மணி நேரம்! 'டைட்டன்' எனும் ராட்சசக் கப்பல்கள் மட்டும் 75 காலி.

இந்த அமளிக்கு நடுவில், 'நான் யார் பக்கமும் இல்லை'ன்னு ஒரு கேரக்டரை ஆட முடியுமா? முடியும். ஆனா, ஓசியில் முடியாது!

யாரோடும் சேராதவங்க பேரு, கேமே நடத்துற ஒரு கம்பெனியில் இருக்கும். அதன் மேல் யாரும் போர் அறிவிக்க முடியாது. பதிலுக்கு, கொள்ளைக் கப்பல்களை அடிச்சு வாங்குற சன்மானத்தில் 11 சதவிகிதம் வரி. 'கான்கார்டு' போலீஸ் இருக்கிற ஏரியாவிலும் உங்களைச் சுடலாம். போலீஸ் சுட்டவனைத் தண்டிக்கும். உங்க கப்பல் திரும்பி வராது. போலீஸ் இல்லாத ஏரியாவில் பல கூட்டணிகளின் சட்டமே, 'நம்ம ஆள் இல்லையா? சுடு!' 'பிராவிடன்ஸ்' பகுதியில் மட்டும், அமார் பக்தர்களா ரோல்பிளே பண்ணின ஒரு கூட்டணி, 'எதிரின்னு தெரிஞ்சாத்தான் சுடணும்'னு பல வருஷம் விதி வெச்சிருந்தது. தனி ஆளுங்களுக்கு அது பெரிய நிழல்!

'அப்போ தனி ஆள்னா ஏமாளியா?'ன்னு கேட்கிறீங்களா... 'கிரிப்பா'ன்னு ஒரு பைலட் கதையைக் கேளுங்க.

டைட்டன் மாதிரி கப்பல்களை ரொம்ப காலம் ஸ்டேஷனில் நிறுத்தவே முடியாம இருந்தது. அதனால வழக்கமான சந்தையில் விற்க வழியில்லாம இருந்தது. கைக்குக் கை மாத்த வேண்டியிருந்தது. முதலில் பணம் கொடுத்தா கப்பல் வராது, கப்பல் கொடுத்தா பணம் வராது. ஏமாத்துறது இந்த கேமில் குற்றமும் இல்லை! அதனால நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டார். பகையாளிகள் ரெண்டு பேருமே கிரிப்பாவைக் கூப்பிட்டாங்க. சண்டைகளில் அவர் எந்தப் பக்கமும் நிற்கலை. கைக்கு வந்த சொத்தோட ஓடியிருந்தா ஒரே ராத்திரியில் பெரும் பணக்காரர். ஓடலை. அந்தப் பேருதான் அவருக்குத் தொழிலே!

மேட்டர் இதுதான் ஃப்ரெண்ட்ஸ். செட்டில் இருக்கிறவன் தப்பு பண்ணினா செட்டு காப்பாத்தும். தனி ஆளுக்கு அவன் வார்த்தை மட்டும்தான் கவசம். ஒரு தடவை புளுகினா முடிஞ்சது.

அதனால தனி கேரக்டர் ஆட ஆசைப்பட்டா, முதலில் மூணு பதில் எழுதி வெச்சுக்கங்க. ஏன் யாரோடும் சேரலை? எல்லாருக்கும் என்ன வேலை செஞ்சு தருவேன்? எவ்வளவு காசு கொடுத்தாலும் எதைச் செய்ய மாட்டேன்? மூணாவதுக்கு பதில் இல்லைன்னா, நீங்க தனி ஆள் இல்லை. இன்னும் விலை படியாத ஆள்!

அடுத்த தடவை யாராவது "நீ எந்த செட்டு?"ன்னு கேட்டா, அந்த மூணாவது பதிலை மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டு, தைரியமா சிரிங்க. வரட்டா!