பெட்டியைத் திறப்பவர் யார்?

கோயதா என்பது மராத்தியில் அரிவாளின் பெயர். கரும்பு வெட்டுவோரும் இளநீர் சீவுவோரும் நாள்தோறும் கையாளும் கருவி. சில ஆண்டுகளாகப் புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதி நாளிதழ்களில் 'கோயதா கும்பல்' என்னும் தொடர் நிலைபெற்றுவிட்டது. இரவில் தெருவில் இறங்கி, நிறுத்தியிருக்கும் வண்டிகளை உடைத்து, எதிர்ப்பட்டோரை மிரட்டியதாகப் பிடிபட்டவர்களில் பலர் 18 வயது நிரம்பாதவர்கள். 2023இல் புனே காவல்துறை, கோயதா வாங்க வருவோரின் ஆதார் விவரத்தைப் பதிந்துகொண்ட பின்பே விற்க வேண்டும் என்று கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. இரும்புக் கடைக்கு ஒரு பதிவேடு வந்தது. அச்சிறுவர்கள் நேற்றுவரை அமர்ந்திருந்த வகுப்பறைக்கு என்ன வந்தது?

சிஞ்ச்வட்டில் இருந்துகொண்டு இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மாணவர் மனநலத்திலும் பள்ளி வன்முறையிலும் மராட்டியமும் தமிழ்நாடும் வெவ்வேறு சாலைகளில் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவெங்கும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர். மராட்டியம் 1,764 பேருடன் முதலிடத்திலும், தமிழ்நாடு 1,416 பேருடன் அடுத்த இடத்திலும் இருந்தன. தொழில் வளமும் உயர்கல்விச் சேர்க்கையும் மிகுந்த இரு மாநிலங்கள் இவை என்பதைத் தனியே சிந்திக்க வேண்டும். இங்கே என் கேள்வி அதைவிடச் சிறியது: துயரம் வரும்போது இம்மாநிலங்களின் அரசுகள் பள்ளிக்கு எதை அனுப்புகின்றன?

பத்லாப்பூரை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் அங்குள்ள ஒரு பள்ளியில் மழலையர் வகுப்புச் சிறுமியர் இருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான செய்தி வெளிவந்தது. பெற்றோர் திரண்டு ரயில் மறியல் செய்தனர். மறுநாளே மராட்டிய அரசு ஆணை பிறப்பித்தது: பள்ளிதோறும் கண்காணிப்புக் கேமரா, புகார்ப் பெட்டி, மாணவர் பாதுகாப்புக் குழு. 'சகி சாவித்ரி' குழுக்களை அமைக்கும் ஆணை 2022இலேயே வந்திருந்தது, அதுவும் நினைவூட்டப்பட்டது. தமிழ்நாட்டில் இதே 2022இல் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டிகள் வைக்கப்பட்டன. இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேமரா நடந்ததைப் பதிவு செய்யும்; பெட்டி எழுதியதைச் சேர்த்து வைக்கும். அதன்பின் நடக்க வேண்டியவை அனைத்தும் ஒரு மனிதரை நம்பியிருக்கின்றன. அந்த மனிதருக்கான பணியிடம் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இல்லை.

ஏட்டு வளங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றிய அரசின் 'மனோதர்பன்' 2020 முதல் இருக்கிறது. 'டெலி-மானஸ்' 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் மாநில மொழிகளில் இயங்குகிறது. இதைப் படிக்கும் மாணவருக்கோ ஆசிரியருக்கோ தேவைப்பட்டால் தயங்காமல் அழைக்கலாம். 2020 பிப்ரவரியில் தொடங்கிய பள்ளி உடல்நல, நல்வாழ்வுத் திட்டத்தில் 11 பொருள்கள் உள்ளன. மனநலம் அவற்றுள் ஒன்று, வன்முறையிலிருந்து பாதுகாப்பு இன்னொன்று. பாடநூல்கள் நன்றாகவே எழுதப்பட்டுள்ளன. குறை நூலில் இல்லை. அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. இத்திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை 'தூதர்'களாக நியமித்து, அவர்களிடம் இந்த 11 பொருள்களையும் ஒப்படைக்கிறது.

ஆசிரியரிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்து அறிய வேண்டியதில்லை. இந்தியாவிலேயே, பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 'சங்காத்' அமைப்பினர் நடத்திய 'சேஹர்' ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளிவந்தது. 74 அரசு உயர்நிலைப் பள்ளிகள், சுமார் 13,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். பள்ளிகள் மூன்று பிரிவாயின. ஒரு பிரிவில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்பு மட்டும். இரண்டாவதில் அதனோடு 'சேஹர்' திட்டத்தையும் அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவரே பயிற்சி பெற்று நடத்தினார். மூன்றாவதில் அதே திட்டத்தை, உளவியல் பட்டமோ ஆசிரியப் பணியோ இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஒருவர் 'சேஹர் மித்ரா'வாக வந்து நடத்தினார். திட்டத்தில் மாயம் எதுவும் இல்லை: காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச்சு, சுவரிதழ், போட்டிகள், மாணவரும் ஆசிரியரும் அமரும் ஒரு குழு, வம்பு செய்தலுக்கும் அடித்தலுக்கும் எதிரான பள்ளி விதி, கடிதம் போட ஒரு பெட்டி, தேடி வருவோருக்குத் தனி ஆலோசனை.

எட்டு மாதங்களில் மூன்றாம் பிரிவுப் பள்ளிகளில் பள்ளிச் சூழல் பெரிதும் மேம்பட்டது. மனச்சோர்வு அறிகுறிகளும், சக மாணவரைத் துன்புறுத்தலும், வன்முறைக்கு ஆளாதலும் வன்முறை செய்தலும் குறைந்தன. 17 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது பலன் மேலும் வலுத்திருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளோ, திட்டமே இல்லாத பள்ளிகளிலிருந்து வேறுபடவில்லை. அதே கையேடு, அதே சுவரிதழ், அதே பெட்டி.

இம்முடிவை ஆசிரியர்மீதான குற்றப்பத்திரிகையாக வாசிப்பது தவறு. பாடம், தேர்வு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு, சத்துணவுப் பதிவேடு ஆகியவற்றுக்கு இடையே ஒருவரிடம் இதையும் சேர்த்தால் எது முதலில் உதிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது அதிகாரம். மதிப்பெண் போடுபவரிடம், பெற்றோரை வரவழைக்கும் உரிமை உடையவரிடம், சில பள்ளிகளில் இன்றும் பிரம்பு வைத்திருப்பவரிடம் ஒரு 14 வயதுப் பிள்ளை தன் அச்சத்தைச் சொல்லுமா? கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்து பல ஆண்டுகள் ஆகின்றன. அத்தண்டனை பற்றிப் புகார் செய்ய விரும்பும் மாணவர் எந்தத் 'தூதரை' அணுகுவார்? 2018இல் இந்த முடிவு அச்சில் இருக்க, 2020இல் நாடு தழுவிய திட்டத்தைப் பலன் தராத பிரிவின் வடிவிலேயே அமைத்ததற்குச் செலவுக் கணக்கைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

சொல்வதற்கு ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதை உணர்த்தும் நிகழ்வு நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9 இரவு, பிளஸ் டூ படித்துவந்த ஒரு பட்டியலின மாணவரின் வீட்டுக்குள் புகுந்து, அவரோடு படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் அவரை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்குமுன் நடந்ததை நாம் போதிய அளவு பேசவில்லை. தொடர்ந்த சாதியத் தொல்லையால் அம்மாணவர் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். பள்ளி விசாரித்தது, அவர் பள்ளிக்குச் சென்று புகார் அளித்தார். அதாவது நம் கையேடுகள் ஒரு பிள்ளையைச் செய்யச் சொல்லும் அனைத்தையும் அவர் செய்தார். அன்றிரவே அரிவாள் வந்தது. புகாரை வாங்கத் தெரிந்த அமைப்புக்குப் புகார் செய்தவரைக் காக்கத் தெரியவில்லை.

இதை 'இளைஞர் மனநலப் பிரச்சினை' என்ற தலைப்பின் கீழ் மட்டும் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெட்டியவர்களின் மனத்தில் கோளாறு என்று முடித்துவிட்டால், அம்மனத்தில் அக்கோபத்தை ஊட்டி வளர்த்த தெருவும் கையில் கட்டிய வண்ணக் கயிறும் கணக்கில் வராமல் போகும். தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை இதைச் சரியாகவே உணர்ந்திருந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்கல், சாதி அடையாளக் கயிறுகளைத் தடுத்தல் போன்ற பரிந்துரைகளே விவாதமாயின. மாணவர் மிகுந்த பள்ளிகளுக்குப் 'பள்ளி நல அலுவலர்' என்றொரு பணியிடம் வேண்டும் என்ற பரிந்துரை அந்த இரைச்சலில் அமுங்கியது. என் பார்வையில் அறிக்கையின் உயிர்ப்பான வரி அதுவே.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. அதை மறைத்துவிட்டு பீகார் ஆய்வைத் தூக்கிப் பிடிப்பது நேர்மையாகாது. மித்ராக்களின் வலிமை அவர்கள் அப்பகுதி மக்களோடு ஒட்டியவர்கள் என்பது. நெல்லைச் சீமையில் 'உள்ளூர்க்காரர்' என்ற சொல்லுக்குள் ஒரு சாதி ஒளிந்திருக்கிறது. அங்கே ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த உள்ளூர் ஆலோசகரிடம் பட்டியலின மாணவர் வாய் திறக்க மாட்டார். பட்டியலின ஆலோசகரை மற்ற மாணவர் மதிக்க மாட்டார்கள். அப்பகுதியின் பெரும்பான்மைச் சாதியினரைத் தலைமையாசிரியராக அமர்த்த வேண்டாம் என்று சந்துரு குழு சொன்னதும் இந்தக் காரணத்தால்தான். ஆகவே, மொழியும் வட்டாரமும் அறிந்த, ஆனால் அந்த ஊர்ச் சொந்தபந்தங்களுக்கு வெளியே உள்ள ஒருவர் வேண்டும். பக்கத்து ஒன்றியத்தவர், இயன்றால் ஓர் ஆண், ஒரு பெண். அவர் தலைமையாசிரியருக்குக் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது. பள்ளிக்கு வெளியே உள்ள ஒரு மேற்பார்வையாளரிடம் அறிக்கை தர வேண்டும். புகார் வந்த அன்றே அப்பிள்ளையின் வீட்டுக்குச் செல்லவும், தேவையெனில் காவல்துறையையும் குழந்தைகள் நலக் குழுவையும் தானே அழைக்கவும் அவருக்கு எழுத்தில் அதிகாரம் இருக்க வேண்டும்.

உளவியல் துறை நண்பர்கள் சிலர், தகுதியற்றவரிடம் பிள்ளைகளின் மனத்தை ஒப்படைப்பதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். கடுமையான நோய்நிலையை அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்பத் தெரியாத ஆலோசகர் தீங்கு செய்யக்கூடும். எனினும் லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளிக்கும் ஒரு மருத்துவ உளவியலாளர் வருவார் என்று காத்திருப்பது இன்றைய எட்டாம் வகுப்பைக் கைவிடுவதாகும். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய நெறிமுறைகள் ஒரு வாசலைத் திறந்திருக்கின்றன. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்கின்றன அவை. 'சமூகப் பணியாளர்' என்ற சொல்லைப் பற்றிக்கொள்ளலாம். புனேயின் கர்வே சமூகப் பணி நிறுவனம் போன்றவற்றில் பயின்று வெளிவருவோர் வேலை தேடி அலைகிறார்கள். இவர்களை ஒப்பந்தக் கூலியில் வைத்து ஆண்டுதோறும் மாற்றினால் எதுவும் நடக்காது. பீகாரில் பலன் வலுக்க 17 மாதங்கள் ஆயின.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் இதற்குப் பொருத்தமான களம். வளமான மாநகராட்சி என்று பெயர் பெற்ற ஊர். மராத்தி, உருது, இந்தி, ஆங்கில வழிப் பள்ளிகளைத் தானே நடத்துகிறது. ஆலைகளையும் கட்டுமானத்தையும் நம்பி மராத்வாடாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். சாதியும் மொழியும் குடிபெயர்வும் கலந்த இவ்வகுப்பறைகளில் நாளந்தா முடிவு செல்லுபடியாகுமா என்பது திறந்த கேள்வி. 20 பள்ளிகளைக் குலுக்கிப் பிரித்து, 10 பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளுக்கு ஆள் வைத்து, எஞ்சிய 10 பள்ளிகளில் மூன்றாம் ஆண்டில் வைத்தால், ஒரு விடை கிடைக்கும். இவ்வளவு சிறிய ஆய்வில் நுண்ணிய வேறுபாடுகள் பிடிபடா. நாளந்தாவில் கண்டதைப் போன்ற பெரிய மாற்றம் இருந்தால் தப்பாது. பள்ளிச் சூழலை அளக்க அங்கே பயன்பட்டது 'பியாண்ட் புளூ' வினாநிரல். மராத்தியிலும் உருதுவிலும் அதைப் பெயர்த்துச் சரிபார்க்கும் வேலையை மாநகராட்சியின் ஒப்புதலுக்குக் காத்திராமல் பல்கலைக்கழகத் துறை ஒன்று இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.