ஜாப் ஆறட்டும்

கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் கம்பெனிக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரே பல்லவிதான். “இன்ஜினீயரிங் முடிச்சு வர்றவனுக்கு ஒண்ணும் தெரியலைங்க. காலேஜ்ல பழைய சிலபஸ்.” கேட்கிற நாமும் தலையாட்டுகிறோம். தொழிற்சாலை கேட்கிறபடி பாடத்தை மாற்றிவிட்டால் பையன் முதல் நாளே மெஷினில் நின்றுவிடுவானாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஒரு ஷாஃப்ட்டைப் பாருங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் 25 மி.மீ. விட்டம், டிராயிங்கில் எச்6. அதாவது 25.000-க்கு மேலே போகக்கூடாது, 24.987-க்குக் கீழே இறங்கக்கூடாது. 13 மைக்ரான்தான் இடம். லேத்திலிருந்து இறங்கிய ஜாப்பைப் புது ஆள் மைக்ரோமீட்டரில் பிடிக்கிறான்: 24.990. ஓகே என்று தட்டில் அடுக்குகிறான். தொட்டால் கை சுடுகிறது. அறைச் சூட்டைவிட 30 டிகிரி கூடுதல் என்றால், ஆறும்போது எட்டு ஒன்பது மைக்ரான் சுருங்கும். மதியம் இன்ஸ்பெக்‌ஷனில் 24.981. தட்டோடு ரிஜெக்ட்.

இதில் எந்த சிலபஸ் பழசு? சூட்டில் உலோகம் விரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பரீட்சையில் அதற்கு மார்க்கும் வாங்கியிருப்பான். படித்தது கைக்கு வர நூறு ஜாப் அளக்க வேண்டும், பத்தைக் கெடுக்க வேண்டும், மூத்த டர்னரிடம் திட்டு வாங்க வேண்டும். கல்லூரிப் பட்டறையில் ஒரு லேத்தைச் சுற்றிப் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தால் அது வராது. (ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதவிடும் கல்லூரிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

இப்படி வேலையிடத்தில் பழக்குவதற்கென்றே தொழில் பழகுநர் சட்டம் வந்தது 1961-ல். 1973-ல் பட்டதாரி இன்ஜினீயர்களையும் அதில் சேர்த்தார்கள். 2019 விதித் திருத்தப்படி, 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். எடுக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் பழகுநர் என்பவன் குறைந்த சம்பளத்துக்கு ஷிஃப்ட் ஓட்டுகிற ஆள். வருஷம் முடிந்ததும் அடுத்த செட். பழக்க வழி இல்லாமல் இல்லை: இதே ஊரில்தான் 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தை ஒட்டி 1951-ல் பொறியியல் கல்லூரி எழுந்தது. மோட்டார் தயாராகிற வளாகத்திலேயே வகுப்பு.

அடுத்த முறை சிலபஸைத் திட்டுகிறவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: பையனுக்குச் சொல்லிக்கொடுக்க எந்த டர்னரை விட்டீர்கள்? அந்த நேரத்துக்கு அவருடைய டார்கெட்டைக் குறைத்தீர்களா?