ஒரு கூலி, இரண்டு ஒப்பந்தம்

உழைப்பை இரண்டு விதமாக விற்கலாம். 'இத்தனை மணி நேரம் உம்மிடம் இருப்பேன்' என்று நேரத்தை விற்பது ஒன்று. 'இந்த வேலையை முடித்துத் தருவேன்' என்று வேலையை விற்பது மற்றொன்று. நான் வாழும் அருள்புரத்தில் எழுத்தறியாத தொழிலாளியும் இவ்வேறுபாட்டை அறிவார். ஷிப்டுக்குப் போகிறவர் நேரத்தை விற்கிறார்; பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர் வேலையை விற்கிறார். ஷிப்டுக்கு வந்தவரிடம், 'இன்று உருப்படி குறைந்துவிட்டது. ஆகையால் கூலியும் குறையும்' என்றால் சச்சரவு எழும். பீஸ் ரேட்காரரிடம், 'தைத்து முடித்தாலும் இரவு எட்டரை வரை உட்கார்ந்திரு' என்றால், அவர் டிபன் பாக்ஸை எடுத்துக் கொண்டு அடுத்த கம்பெனிக்கு நடந்துவிடுவார்.

ஆனால், நம் சமுதாயத்தில் மெத்தப் படித்தவர்கள் என்று நாம் போற்றுகின்ற மென்பொருள் ஊழியர்கள், இவ்விரண்டையும் ஒரே சம்பளத்துக்கு விற்றுவிட்டு, விற்றதை உணராமலும் இருக்கிறார்கள். உணர்த்த வேண்டிய நாமோ அவர்களுக்குப் பொறுமையைப் போதித்துக் கொண்டிருக்கிறோம். இக்கட்டுரை அந்தப் போதனையை மறுப்பதற்காக எழுதப்படுகிறது.

சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய சம்பளத்தில் வீடு எழும்பியது. தங்கையின் நிக்காஹ் நடந்தது. அத்தாவின் கடன் அடைந்தது. அத்தொழில் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆயின், சென்ற நோன்புப் பெருநாளைக்கு அவர் ஊருக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய இயந்திர அறிவை நிறுவனத்தில் புகுத்தியிருக்கிறார்கள். இவர் தம் வேலையை எந்தெந்தப் படியில் எவ்வாறு செய்கிறார் என்பதை எழுதித் தரச் சொன்னார்கள். இயந்திரம் தரும் விடைகளைத் திருத்தச் சொன்னார்கள். வழக்கமான வேலை ஒருபுறம், இவ்வேலை மறுபுறமாக எட்டு மாதங்கள் கழிந்தன. பின்பு ஒருநாள் தனியறைக்கு அழைத்து, 'நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் நற்சான்று தருகிறோம்' என்றார்களாம்.

"எட்டு மாதம் நான்தான் அதற்கு ஓதிக் கொடுத்தேன், ஹஜ்ரத். அது ஓதி முடித்ததும் என்னை அனுப்பிவிட்டார்கள்" என்றார் அவர்.

குர்ஆன் ஓதி முடித்த பிள்ளையின் வீட்டார், ஓதிக் கொடுத்தவருக்கு வேட்டியும் துண்டும் தந்து மரியாதை செய்வது நம்மவர் வழக்கம். முப்பது ஆண்டுகளாக ஓதிக் கொடுத்துப் பிழைக்கின்ற எனக்கு, அந்த இளைஞரின் சொல் நெஞ்சில் தைத்தது. அதைவிடவும் தைத்தது, அன்று மாலை பள்ளிவாசல் திண்ணையில் அவருக்குக் கிடைத்த அறிவுரை. "காலம் மாறுகிறது தம்பி, இயந்திரத்தை யார் தடுக்க முடியும்? ஸப்ரு செய்யுங்கள்" என்றார்கள். சொன்னவர்களுள் ஆலிம்களும் உண்டு.

நோயும் மரணமும் வறட்சியும் வந்தால் ஸப்ரு செய்யலாம். ஒருவன் தராசில் விரலை வைத்து அழுத்தும்போது, அதற்குப் பெயர் கத்ரு அன்று, மோசடி. மோசடிக்கு ஆளானவனிடம் பொறுமையைப் போதிப்பவர், தாம் அறியாமலே மோசடிக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறார்.

மோசடி என்பது கடுமையான சொல்லென்று கருதுவோர், மதரஸாவில் நாம் ஓதிய ஹிதாயாவை மீண்டும் திறந்து பார்க்கட்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மர்கீனானி இமாம் இயற்றிய அந்நூலின் இஜாரா பகுதியில் கூலியாளர் இருவகையாகப் பிரிக்கப்படுகின்றனர். அஜீர் முஷ்தரக் என்பவர் பலருக்கும் பொதுவாக வேலை செய்து, முடித்த வேலைக்குக் கூலி பெறுபவர். இதற்குத் தரப்படும் உதாரணம் சாயக்காரர்! திருப்பூரைக் கண்ணால் கண்டே எழுதினாரோ என்று நினைக்கத் தோன்றும். அஜீர் காஸ் என்பவர் தம் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர். ஒரு மாதத்துக்கு அமர்த்தப்பட்ட ஆட்டிடையரைப் போல. இவர் தம்மை ஒப்படைத்துவிட்டாலே கூலிக்கு உரியவராகிறார். மேய்க்க ஆடு தராதது எசமானின் குறை. இடையரின் குறை அன்று.

இன்னும் ஒரு மஸ்அலா அங்கே உண்டு. 'இந்தப் பத்து அளவை மாவையும் இன்றே ரொட்டியாகச் சுட்டுக் கொடு. கூலி ஒரு திர்ஹம்' என்று ஒருவரை அமர்த்தினால் அந்த ஒப்பந்தம் செல்லுமா? செல்லாது, அது பாஸித் என்றார் இமாம் அபூ ஹனீபா. விற்கப்பட்டது நேரமா, வேலையா என்பது தெளிவில்லை. வேலையைக் கணக்கிடுவது எசமானுக்கு ஆதாயம். நேரத்தைக் கணக்கிடுவது உழைப்பாளிக்கு ஆதாயம். தெளிவின்மை வழக்கில் போய் முடியும். இதைச் சொன்னவர் உலகம் அறியாத துறவியல்லர். கூஃபா நகரத்துத் துணி வணிகர். அவருடைய மாணவர் இருவரும் இதில் மாறுபட்டு, ஒப்பந்தம் செல்லும் என்றனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயின் எந்த அடிப்படையில்? விற்கப்பட்டது வேலையே, 'இன்று' என்பது விரைவுக்காகச் சொன்ன சொல் என்னும் அடிப்படையில். அப்படியாயின் நண்பகலில் ரொட்டி முடிந்துவிட்டால் எஞ்சிய பொழுது யாருக்குரியது? சுட்டவருக்குரியது அன்றோ?

இப்போது மென்பொருள் நிறுவனத்தின் வாசலுக்கு வாருங்கள். அங்கே ஊழியர் மாதச் சம்பளக்காரர், அஜீர் காஸ். வேறெங்கும் வேலை செய்யக் கூடாது. ஆனால் கேட்கப்படுவதோ முடித்த வேலையின் கணக்கு. குறித்த நாளில் முடியாவிட்டால் இரவும் ஞாயிறும் அவருடையவை அல்ல. சீக்கிரம் முடித்துவிட்டாலோ வீட்டுக்குப் போகலாகாது. அடுத்த வேலை தலையில் ஏறும். ஆதாயம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து ஒப்பந்தம் வெளியே எடுக்கப்படுகிறது. இமாம் அபூ ஹனீபாவின் தீர்ப்பும் இங்கில்லை. மாணவர்களின் தீர்ப்பும் இங்கில்லை.

மேய்க்க ஆடு தராத எசமானும் அங்கே உண்டு. வேலைத்திட்டம் கிடைக்காமல் காத்திருப்பதை 'பெஞ்ச்' என்கிறார்கள். டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 2025 ஜூனில் ஒரு விதி கொண்டு வந்தது. ஊழியர் ஆண்டில் 225 நாட்கள் வாடிக்கையாளரின் கணக்கில் உழைத்திருக்க வேண்டும். பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. வாடிக்கையாளரைத் தேடிக் கொண்டு வருவது நிறுவனத்தின் வணிகம். அவ்வணிகத்தின் நட்டத்தை மாதச் சம்பளக்காரரின் தலையில் கட்டுவது எந்த நீதி? அடுத்த மாதமே அந்நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. மொத்த ஊழியரில் இரண்டு சதவீதம். நடுநிலை, மேல்நிலை ஊழியர்களே பெரும்பாலோர். காரணம் செயற்கை நுண்ணறிவு அன்று, திறன் பொருந்தாமையே என்று அதன் தலைவர் விளக்கினார். இருக்கட்டும். இருபது ஆண்டுகள் ஒருவருக்கு வேலையைத் தேர்ந்து கொடுத்தவர் யார்? எதைக் கற்க வேண்டும், எதை விட வேண்டும் என்று ஆணையிட்டவர் யார்? ஆடு மேய்க்கச் சொன்னவரே, 'உனக்கு மாடு மேய்க்கத் தெரியவில்லை' என்று அனுப்புவதா?

நேரத்தின் மீதுள்ள பசியும் அடங்கவில்லை. 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரத்தை விரும்பினார். ஞாயிறும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். ஒரு மணியில் எட்டு மணி வேலையை முடிக்கின்ற இயந்திரம் வந்துவிட்டது என்று பறைசாற்றுகிறவர்களும், மனிதன் 90 மணி உழைக்க வேண்டும் என்கிறவர்களும் ஒரே வட்டத்தினர்! மிச்சப்பட்ட ஏழு மணி நேரம் எங்கே போயிற்று? உழைப்பாளியின் வீட்டுக்குப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

'இயந்திரத்தைத் தடுக்க முடியுமா?' என்பது திண்ணை அறிஞர்களின் கடைசி ஆயுதம். இயந்திரத்தைத் தடுக்கச் சொன்னவர் யார்? இந்த வட்டாரத்தில் பனியன் பின்னும் இயந்திரத்தை முதலில் கொண்டு வந்தவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகர், 1920களில். இயந்திரம் இல்லையேல் இத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு இங்கே அடுப்பெரியாது. வழக்கு இயந்திரத்தோடு அன்று. அதன் ஆதாயமெல்லாம் ஒருவருக்கு, அதன் நட்டமெல்லாம் மற்றவருக்கு என்னும் பங்கீட்டோடு.

தவிர்க்க இயலாது என்ற சொல்லை அருள்புரத்து மக்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். சாயக் கழிவை நொய்யலில் விடாமல் தொழில் நடத்த இயலாது என்று பல்லாண்டுகள் சொன்னார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதி உழவர்களின் நிலம் கெட்டது. தொழில் ஆதாயம் பெற்றது. ஆறு விலை கொடுத்தது. உழவர்கள் ஸப்ரு செய்யவில்லை, வழக்காடினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு என்ன நடந்தது? திருப்பூர் அழியவில்லை. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாமல் நீரை மீட்டெடுக்கும் முறை கைக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இன்றும் அதற்குச் சாட்சி. தட்டிக் கேட்பவர் இல்லாத வரையில் மட்டுமே ஒன்று தவிர்க்க இயலாததாக இருக்கிறது.

மென்பொருள் ஊழியர்களிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் கண் சிவந்து வந்தவரைத் தொழிலாளி என்றீர்கள். நீங்கள் மட்டும் அதிகாரிகள் என்று நினைத்தீர்கள். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இந்தத் திருப்பூரின் பனியன் தொழிலாளர்கள். அவர்களுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லை. ஆயினும் சங்கம் இருந்தது. உங்களுக்குக் குளிரூட்டிய அறை இருந்தது, சங்கம் இல்லை. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு, பணிநீக்கம் செய்யப்பட்ட பெண் ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி இடைக்காலத் தடை பெற்றார். கதவு திறந்திருக்கிறது, நுழைகிறவர்தாம் குறைவு.

நம் சமுதாயத்தாரிடமும் ஒரு சொல். மென்பொருள் மாப்பிள்ளை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நின்றோம்; பள்ளிவாசல் கட்டட நிதிக்கு அவர்களின் கதவைத் தட்டினோம். வேலை போனதும் அவர்களுக்கு நாம் நீட்டுவது பொறுமை ஒன்றுதானா? ஒன்றரை ஷிப்ட் வாங்குகின்ற முதலாளிகளுள் நம்மவரும் இருப்பதால்தான் மிம்பரில் கூலியைப் பற்றிப் பேச நா எழவில்லையோ?

பேசத் தொடங்கினால் சொல்ல வேண்டியவை மூன்று. முதலாவது, 'நீங்களாகவே' எழுதித் தரும் ராஜினாமாவில் எவரும் அவசரப்பட்டுக் கையொப்பமிடலாகாது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளிக்கு, உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாட் சம்பளம் இழப்பீடாகச் சேர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, மறுபயிற்சிக்கென இன்னொரு பதினைந்து நாட் சம்பளமும் உண்டு. தாமாக விலகியவர் என்று காகிதத்தில் பதிந்துவிட்டால் இவ்விரண்டும் கைநழுவும். அந்த ஒரு தாளுக்காகவே தனியறையும் இனிய சொல்லும்.

இரண்டாவது, தம் தொழிலறிவை இயந்திரத்துக்குக் கற்பிப்பது தனி வேலை. அதற்குத் தனிக் கூலி உண்டு என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்க வேண்டும். மூன்றாவது, விற்பது நேரமா, வேலையா என்பது நியமன ஆணையிலேயே தெளிவாக வேண்டும். நேரமெனில், மணி முடிந்ததும் விடுதலை. வேலையெனில், முடித்ததும் விடுதலை. இரண்டும் வேண்டுமெனில், கூலியும் இரண்டு.

அந்த மாணவர் இன்னும் ராஜினாமாவில் கையொப்பமிடவில்லை. அனுப்பிவிட்டார்களே ஒழிய, அந்தத் தாள் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. "என்ன செய்யட்டும், ஹஜ்ரத்?" என்று கேட்டார். "கையொப்பமிடாதீர்கள் தம்பி. உங்களைப் போல் அங்கே இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், அவர்களோடு சேர்ந்து ஒரு வக்கீலைப் பாருங்கள்" என்றேன். முப்பது ஆண்டுகளில் நான் சொல்லிக் கொடுத்த பாடங்களில் இது ஒன்றைத்தான் அவர் மறுபடி சொல்லச் சொல்லிக் குறித்துக் கொண்டார்.