நாற்றம் என்றொரு சொல்

ஏலக்காய்ப் பருவத்தில் போடிநாயக்கனூரில் பேருந்தை விட்டிறங்கினால் போதும், ஊரே மணக்கும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னேலம் நடைபெறும் ஊர். 2021 மே மாதம் கொரோனாவில் படுத்தெழுந்த பின் அந்த ஊர் எனக்கு மணக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வாசனை திரும்பியது. ஆனால் மாறித் திரும்பியது. காப்பி ரப்பர் கருகியதுபோல் நாறியது. வெங்காயம் வதங்கினாலே குமட்டியது.

பழைய இலக்கியத்தில் 'நாற்றம்' நறுமணத்தையும் குறிக்கும் என்று சொல்லும்போது, ஆண்டுதோறும் என் வகுப்பில் சிரிப்பெழும். அச்சொல்லுக்குப் பல நூற்றாண்டுகளில் நேர்ந்தது எனக்கு மூன்றே மாதங்களில் நேர்ந்துவிட்டது.

மருத்துவம் இதனைப் பரோஸ்மியா என்கிறது. மூக்கின் மேற்புறத்தே நுகர்ச்சி நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணையணுக்களையே இக்கிருமி பெரிதும் தாக்குகிறது. பழுதுற்ற நரம்பிழைகள் மறுபடி வளர்ந்து மூளையைச் சேர்கையில் இணைப்புகள் பிறழ்வதால் மணம் திரிகிறது என்று கருதப்படுகிறது. நாவறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவற்றையே. நாம் ருசி என்பதில் பெரும்பகுதி மூக்கின் கொடை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர் மகிழ்ந்தது. என் வாயில் அது வெறும் இனிப்புநீர்.

எங்கள் தெருவில் ஏலக்காய் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அதே ஆண்டில் மணம் போயிற்று. "வேலைக்குக் கண்ணு போதும் சார். பச்சை நெறமும் பருவட்டும் பாத்துப் பிரிச்சுப் போட்டா சம்பளம் வந்துரும். வீட்லதான் சார் பயமா இருக்கு" என்றார். ஊசிப்போன குழம்பைப் பேரனுக்கு ஊற்றிவிட்டாராம். கேஸ் கசிந்ததைப் பக்கத்து வீட்டார் வந்து சொல்ல நேர்ந்ததாம்.

கூலி குறையாத இழப்பை நாம் இழப்பாக எண்ணுவதில்லை என்பதே என் வருத்தம். 2020 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் மணமும் சுவையும் அறியாமையை நோயின் அறிகுறிகளுள் சேர்த்தது. அறிகுறியாகத்தான் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நுகர்ச்சியிழப்பு அவற்றுள் இல்லை. பார்வைக்கும் செவிக்கும் நேரும் குறையைச் சொல்ல நம் பேச்சில் சொற்கள் உண்டு. மூக்குக்கு நேரும் குறைக்கு எளிய தனிச்சொல் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. தொல்காப்பிய மரபியலோ உயிர்களை அறிவால் வகுக்கும்போது மெய், நா ஆகியவற்றை அடுத்து மூக்கைத்தான் வைக்கிறது. கண்ணும் செவியும் அதற்குப் பின்னரே. கீழ்ப்படி என்று இகழலாம். கீழ்ப்படி பெயர்ந்தால் ஏணி என்னாகும்?

செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் ஒரு பயிற்சியை வெளியிட்டனர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களையும் காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம், கருத்தூன்றி முகர வேண்டும். அனைவருக்கும் பலிக்கும் என்பதற்கில்லை. ஆனால் பெரிய செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் "வாசனை தெரிகிறதா?" என்றொரு கேள்வி கேட்டு, இதைச் சொல்லித் தந்தால் என்ன?

அக்காவுக்கு நானே நான்கு சீசாக்கள் கொடுத்தேன். மூன்றாம் மாதத்தில் கிராம்பு தெரிகிறது என்றார். நாளெல்லாம் கையில் புரளும் ஏலக்காய் இன்னும் மணக்கவில்லையாம்.